முழங்காலில் போட்ட மூன்றாவது ஊசி

என் இடது முழங்கால் இப்போது மடங்காது. கதிரையில் இருந்தால் கால் நேரே முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். வீட்டுக்கு வருபவர்கள் அதில் தடுக்காமல் சுற்றித்தான் போகவேண்டும். முழங்கால் நோவுக்கு ஊசி போடலாமா என்று என்னிடம் கேட்க வருகிறவர்கள் முதலில் இந்தக் காலைத்தான் பார்க்கிறார்கள். பார்த்த கையோடு ஊசியே வேண்டாம் என்று முடிவெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது சரியில்லை. ஊசி செய்ததை வேறாகவும் நான் செய்ததை வேறாகவும் சொல்லவேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மன்னார் மாவட்டத்தில் நானாட்டானுக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் இன்றைக்கும் கிளாக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற ஏழாம் மாதம் என் மனைவி ரெஜினாவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஞாயிறு பூசைக்கு வெளிக்கிட்டு, சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் சரிந்தாள். வலது கையும் வலது காலும் இயங்காமல் போயின. பேச்சில் ஏழெட்டுச் சொற்கள் மட்டும் மிஞ்சின.

அன்றிலிருந்து ஒரு நாளில் எட்டுத் தரமாவது அவளைத் தூக்குவேன். கட்டிலிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து குளியலறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு. என் இடது காலை அவளுடைய கால்களுக்கு நடுவில் ஊன்றி, அவள் இடுப்பில் கட்டிய துவாயைப் பிடித்து ஒரே மூச்சில் எழுப்பித் திருப்புவேன். உதவிக்கு ஆள் வைக்கச் சொல்லி எங்கள் ஒரே மகள் ஜெனிற்றா நீர்கொழும்பிலிருந்து கிழமைக்கு ஒருதரம் போனில் சண்டை பிடிப்பாள். "அம்மாவுக்கு வேறை ஆக்கள் தொட்டாப் பிடிக்காது" என்று சொல்லிவிடுவேன். அது உண்மையா என்று ரெஜினாவிடம் நான் கேட்டதில்லை. மாதா கோவிலடியில் பெண்கள் என் காதில் விழும்படி, "இப்பிடியொரு மனிசன் கிடைக்கக் குடுத்து வைக்கோணும்" என்று சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

இரண்டாம் வருடம் முழங்கால் நோகத் தொடங்கியது. முதலில் இருந்து எழும்பும்போது மட்டும். பிறகு நிற்கும்போதும். பிறகு படுத்திருக்கும்போதும். மூட்டுக்குள் மணல் அரைபடுவதுபோல ஒரு சத்தம் எனக்கே கேட்டது. எண்ணெய் பூசினேன், பிளாஸ்ரர் ஒட்டினேன், மருந்துக்கடையில் நோக் குளிசை வாங்கி விழுங்கினேன். ஒருநாள் காலையில் அவளைத் தூக்கிப் பாதியில் நிறுத்திக் கட்டிலில் போட்டுவிட்டேன். அவள் பயந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அடுத்த நாள் அவளையும் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போனேன்.

எலும்பு கிளினிக்கில் இலக்கம் எடுத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தேன். எங்களைக் கூட்டி வந்தவர் சலீம். முசலிப் பக்கத்து ஆள், ஓட்டோ ஓட்டுகிறவர். ரெஜினா விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவரும் அவர்தான். அவளை ஓட்டோவிலேயே இருத்தி, வெயில் படாமல் துணியொன்றைக் கட்டிவிட்டுத் தானும் பக்கத்தில் நின்றார். உள்ளே டொக்டர் ஒரு இளம் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இந்த ரெண்டு எலும்புக்கும் நடுவில ஒரு இடைவெளி தெரியோணும் ஐயா. அதில குருத்தெலும்பு இருக்கும், மெத்தை மாதிரி. உங்களுக்கு உள்பக்கம் அது தேய்ஞ்சு போச்சு. எலும்போட எலும்பு முட்டுது."

"அதுக்கு மருந்து இல்லையோ?"

"தேய்ஞ்சதைத் திருப்பி வளர்க்க மருந்து இல்லை. மூட்டுக்குள்ள ஒரு ஊசி போடலாம். ஸ்டெரொயிட் எண்டு சொல்லிறது. உள்ளுக்கிருக்கிற வீக்கத்தைக் குறைக்கும். சில பேருக்கு ரெண்டு மூண்டு மாசம் நோவு தெரியாது. அந்த நாளுகளில தொடைத் தசைக்குப் பயிற்சி செய்து காலைப் பலமாக்கோணும். பாரம் தூக்கவே கூடாது. வீட்டில தூக்கிற வேலை ஏதும் இருக்கோ?"

"இல்லை டொக்டர்," என்றேன். "பென்சன் எடுத்திட்டன்தானே."

ரெஜினா வெளியில் ஓட்டோவில் இருந்தாள். அவளைப் பற்றிச் சொன்னால் தூக்காதே என்பார்கள், பிறகு யார் தூக்குவது? அதனால் சொல்லவில்லை. எனக்கு நீரிழிவு இருப்பதை மட்டும் கிளினிக் கொப்பியில் பார்த்து, "ஊசி போட்டுச் சில நாளைக்குச் சீனி ஏறும், பயப்பிடாதேங்கோ, குளிசையை மட்டும் விடாதேங்கோ" என்றார்.

ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்காக அதைச் சொல்கிறேன். கட்டிலில் படுக்க வைத்து முழங்காலுக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை வைப்பார்கள். கபில நிற மருந்தால் இரண்டு மூன்று தரம் துடைப்பார்கள், அது குளிரும். முழங்கால் சில்லுக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தி இடம் பார்த்து ஊசியை விடுவார்கள். தோலில் ஒரு குத்து, பிறகு உள்ளே ஒரு இறுக்கம், அவ்வளவுதான். எனக்கு முதலில் வைக்கோல் நிறத்தில் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். அதே ஊசி வழியாக மருந்து போனது. ஐந்து நிமிடம்கூட இல்லை.

மூன்றாம் நாள் காலை எழும்பி முற்றத்துக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் நோவில்லாமல் நடந்திருக்கிறேன் என்று தெரிந்தது. நான் அழுதேன். அன்றைக்கு ரெஜினாவை வெளியே தூக்கிக்கொண்டுவந்து வேப்பமரத்தடியில் இருத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டினேன். அவள் "நல்லம், நல்லம்" என்றாள். அவளிடம் மிஞ்சியிருந்த சொற்களில் அதுவும் ஒன்று. பயிற்சி ஒரு நாளும் செய்யவில்லை. நோவில்லாத காலுக்குப் பயிற்சி எதற்கு என்று நினைத்தேன். எட்டுத் தரம் தூக்கியவன் பத்துத் தரம் தூக்கினேன்.

மூன்று மாதம் ஆவதற்குள் மணல் சத்தம் திரும்ப வந்தது. இரண்டாவது ஊசி போட்டார்கள். அது ஐந்து கிழமைதான் நின்றது. ஆறாம் கிழமை போய் இன்னொன்று கேட்டபோது டொக்டர் தலையாட்டி மறுத்துவிட்டார்.

"கிட்டக் கிட்டப் போட்டா மிச்சமிருக்கிற குருத்தெலும்பும் கரைஞ்சு போகும். உங்களுக்குச் சீனியும் இருக்கு, கிருமி பிடிக்கச் சந்தர்ப்பம் கூட. இன்னும் ரெண்டு மாசம் போகட்டும் ஐயா. இல்லையெண்டா மூட்டு மாத்திற ஒப்பரேசனுக்குப் பேர் பதிவம்."

"ஒப்பரேசன் செய்தா எத்தினை நாள் படுக்கோணும்?"

"நடக்கிறது கெதியா நடப்பியள். பழையபடி வேலை செய்ய மூண்டு மாசம் பிடிக்கும்."

மூன்று மாதம் என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது. வரும் வழியில் சலீம் கேட்டார், "என்னவாம் கிளாக்கர்?" "ஒண்டுமில்லை, பிறகு வரட்டாம்" என்றேன்.

வேறொரு நகரத்தில் காசுக்கு ஊசி போடும் இடமொன்று இருந்தது. பெயர் வேண்டாம், அவர்கள்மீது பிழையில்லை. மூட்டுக்கு வழுக்கலைக் கொடுக்கும் ஜெல் ஊசியும் போடுவதாகச் சொன்னார்கள். அது எல்லோருக்கும் கேட்காது, கேட்டாலும் மெதுவாகத்தான் கேட்கும் என்று அங்கிருந்த டொக்டரே ஒளிக்காமல் சொன்னார். எனக்கு மெதுவாகக் கேட்பது வேண்டாம். ஸ்டெரொயிட்தான் கேட்டேன்.

"முன்னம் எப்பவாவது போட்டிருக்கிறீங்களா?"

"இல்லை."

"சீனி வருத்தம்?"

"இல்லை."

கிளினிக் கொப்பியை வேண்டுமென்றே வீட்டில் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தேன். கந்தோரில் இருந்த காலம் முழுவதும் ஒரு படிவத்தில்கூடப் பொய் எழுதாத நான், இரண்டு கேள்விக்கு இரண்டு பொய் சொல்லிக் கையெழுத்தும் வைத்தேன். இரண்டு நாள் காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். அன்று பின்னேரமே அவளைக் குளிக்கத் தூக்கினேன்.

நாலாம் நாள் முழங்கால் சூடாக இருந்தது. ஊசி போட்டால் சிலருக்கு ஒருநாள் அப்படி இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் ஐஸ் வைத்தேன். ஐந்தாம் நாள் மூட்டு பழுத்த பழம்போலச் சிவந்து வீங்கியது. உடம்பு நடுங்கிக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் காலை தேத்தண்ணி கொடுத்துவிட்டு ரெஜினாவைக் கதிரையிலிருந்து எழுப்பினேன். பாதியில் கால் என்னிடம் இல்லை. இரண்டு பேரும் விழுந்தோம். அவள் என் மேலே விழுந்ததால் அவளுக்கு அடிபடவில்லை.

எழும்ப முடியவில்லை. போன் மேசையில் அடித்து அடித்து நின்றது. அவள் தன் இடது கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் தெரிந்திருக்கவேண்டும். தன் சேலைத் தலைப்பை இழுத்து என் முகத்து வேர்வையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சலம் போய்விட்டது. நிலத்தில் எங்கள் இருவரையும் அது நனைத்தது. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள், "சரி, சரி" என்றாள்.

போன் எடுக்காததால் ஜெனிற்றா சலீமைக் கூப்பிட்டிருக்கிறாள். மத்தியானத் தொழுகைக்குப் போகவிருந்தவர் நேரே வந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தவர், "யா அல்லாஹ், என்ன கிளாக்கர் இது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா" என்றார். முதலில் தன் மனைவிக்குப் போன் செய்து, ரெஜினாவைக் கழுவி உடுப்பு மாற்ற அவரை வரச்செய்தார். பிறகுதான் என்னைத் தூக்கினார்.

மன்னாரில் அதே பெண் டொக்டர் வந்து ஊசியால் மூட்டு நீரை எடுத்துப் பார்த்தார். இந்தமுறை அது வைக்கோல் நிறமாக இல்லை, சீழாக இருந்தது.

"எங்கயோ ஊசி போட்டிருக்கிறீங்கள். எப்ப?"

எல்லாவற்றையும் சொன்னேன். ரெஜினாவைப் பற்றியும் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் நல்லாயிருந்திருக்கும். "முதல் நாளே சொல்லியிருந்தா ஐயா, அம்மாவுக்கும் சேர்த்து ஏதும் செய்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லி, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பக் கடிதம் எழுதினார்.

மூட்டுக்குள் கிருமி போனால் மருந்து மட்டும் போதாது. மயக்கி, திறந்து, உள்ளே கழுவவேண்டும். எனக்கு மூன்று தரம் கழுவினார்கள். ஆறு கிழமை நரம்பு வழியாக மருந்து ஏறியது. கையில் நரம்பு கிடைக்காமல் கழுத்தில் குழாய் வைத்தார்கள். கிருமி போனதற்கான காரணத்தை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. கவனமாகப் போட்டாலும் மிக அரிதாக இப்படி நடக்கும் என்றார்கள். நீரிழிவும், கிட்டக் கிட்டப் போட்டதும் வழியைத் திறந்துவிட்டிருக்கலாம் என்றார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததை அவர்கள் சுற்றிச் சுற்றி மரியாதையாகச் சொன்னார்கள்.

ஜெனிற்றா பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டு வந்தாள். ஒரு மருந்து ஆஸ்பத்திரியில் இல்லாமல் வெளியில் வாங்க வேண்டியிருந்தது. அதன் பில் துண்டை என்னிடம் காட்டாமல் கிழித்துக் குப்பையில் போட்டாள். அம்மாவை என்ன செய்வது என்று நான் கேட்பதற்கு முன்பே அவள் முடிவெடுத்திருந்தாள்.

"சிஸ்டர்மார் நடத்துற முதியோர் வீட்டில விட்டிட்டன் அப்பா. சண்டை பிடிக்காதேங்கோ."

நான் சண்டை பிடித்தேன். படுத்த படுக்கையில் இருந்துகொண்டு, உன் தாயை அநாதையாக்கிவிட்டாய் என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் எழும்பி வெளியே போனார். அவள் என் சாரத்தை எடுத்து மடித்தாள். மடித்ததையே திரும்ப விரித்து மடித்தாள். "நான் என்ன செய்யிறது அப்பா," என்றாள் கடைசியில். "என்னாலயும் ஏலாதுதானே."

இரண்டு கிழமையில் அவள் போகவேண்டியிருந்தது. அதன் பிறகு சலீம் இரண்டு தரம் பஸ் ஏறி வந்தார். முதல் தரம் மனைவி பொரித்துக் கொடுத்த பாரை மீனும், முகச்சவரம் செய்யும் சாமானும் கொண்டு வந்தார். கோப்பையில் தண்ணி எடுத்து வந்து, கழுத்துக் குழாயில் படாமல் அரை மணித்தியாலமாக எனக்குத் தாடி வழித்தார். அதற்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. என்னை ஒருவர் இப்படித் தாங்கிப் பிடித்துச் செய்யும்போது எவ்வளவு வெட்கமாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ரெஜினாவுக்கு மூன்று வருடம் நாளுக்கு எட்டுத் தரம் அது இருந்திருக்கும்.

கடைசியில் மூட்டு இறுகிவிட்டது. கிருமி குருத்தெலும்பைத் தின்று முடித்துவிட்டதால் இனி மடங்காது என்றார்கள். மூட்டு மாற்றுவதும் இப்போதைக்கு முடியாது, கிருமி திரும்பக்கூடும். கையில் நாலு கால் ஊன்றுகோல் ஒன்றைத் தந்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சலீம் என்னை அந்த முதியோர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பின் சீற்றில் குறுக்காக இருந்து, நீட்டிய காலை வெளியே விட்டபடி போனேன். அவள் மெலிந்து, கண் உள்ளே போய், மூலையில் கிடப்பாள் என்று வழியெல்லாம் நினைத்து என்னைத் தயார்படுத்திக்கொண்டேன்.

அவள் யன்னலோரம் கதிரையில் இருந்தாள். முகம் தெளிந்திருந்தது. என்னைக் கண்டதும் அழுதாள், நானும் அழுதேன். அவள் என் முழங்காலைத் தடவிப் பார்த்தாள். சாப்பாட்டு மணி அடித்தது. அவளைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் வந்தார். பிசியோதெரபி படித்தவராம்.

"ரெஜினாம்மா, கால் ரெண்டையும் பின்னுக்கு இழுங்கோ. ஓம். இனி முன்னுக்குக் குனியுங்கோ. நான் பிடிக்கேல்லை, நீங்களா எழும்புங்கோ."

அவள் குனிந்தாள். இடது கையைக் கதிரைச் சட்டத்தில் ஊன்றினாள். உடம்பு நடுங்கியது. எழும்பி நின்றாள்.

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன் என்று நினைத்திருப்பார்.

"இஞ்ச வரேக்க அவவின்ர நல்ல இடது காலே பலமில்லாமல் இருந்தது ஐயா. பாவிக்காமல் விட்டதாலதான். எத்தினை வருஷமாத் தூக்கினீங்கள்?"

"மூண்டு."

"ஆரும் பயிற்சி காட்டித் தரேல்லையோ?"

காட்டித் தந்தார்கள். இதை முன்னுக்கே எழுதியிருக்கவேண்டும், எழுத மனம் வரவில்லை. அவளுக்குப் பாரிசவாதம் வந்த புதிதில் மன்னாரில் கிழமைக்கு இரண்டு தரம் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். ஐந்தாறு தரம் போனோம். நிற்கவைக்கும்போது அவள் அழுதாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. இனிக் கூட்டிவரமாட்டேன், நான் இருக்கிறேன், நான் தூக்குகிறேன் என்று அந்தப் பயிற்சிக்காரப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு அவளுக்கு நான் பெரிய உபகாரம் செய்ததாக நினைத்தேன். சலீம்கூட அப்போது, "கொஞ்ச நாள் போய்ப் பார்ப்பம் கிளாக்கர்" என்றார். நான் கேட்கவில்லை.

மூன்று ஊசியும் எதற்காகப் போட்டேனோ, அது தேவையே இல்லாத ஒன்று.

சிஸ்டரிடம், "இல்லை, ஒருத்தரும் காட்டித் தரேல்லை" என்று சொல்ல வாய் எழும்பியது. இந்தமுறை சொல்லவில்லை. "காட்டித் தந்தவை. நான்தான் விட்டிட்டன்" என்றேன். அவர் என் தோளில் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

நான் ரெஜினாவிடம் கேட்டேன், "வீட்டை போவமா? ஆள் ஒண்டு வைப்பம். நான் தூக்கமாட்டன்."

அவள் நின்றபடியே யோசித்தாள். சொல்லைத் தேடும்போது அவளுடைய உதடு ஒரு பக்கம் இழுபடும். பிறகு கதிரைச் சட்டத்தில் இரண்டு தரம் தட்டினாள்.

"இஞ்ச," என்றாள். "இஞ்ச."

கோபமில்லை அவளுக்கு. என் கன்னத்தைத் தொட்டுவிட்டுத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்த முயன்றிருப்பேன்.

முழங்கால் நோவோடு இருப்பவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். அந்த ஊசி நல்லது, அளவாகப் போட்டால். அது நோவை நிறுத்தி வைக்கும் நாட்களில் காலைப் பலப்படுத்துங்கள். கேட்கிற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் யாரைத் தூக்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எனக்கு இப்போது வலது முழங்காலும் நோகிறது. இடது காலின் பாரத்தையும் அதுதான் சுமக்கிறது. கிளினிக்கில் பதிந்திருக்கிறேன். கொப்பியைக் கொண்டுதான் போவேன், ஆனாலும் அந்தக் காலைத் திருத்தி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாதத்தில் இரண்டு ஞாயிறு அவளைப் பார்க்கப் போகிறேன். போன ஞாயிறு மணி அடித்ததும் அவள் எழும்பி, சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு நடந்தாள். பதினான்கு அடி. நான் நாலு கால் ஊன்றுகோலோடு வாசலில் நின்று எண்ணினேன். நடக்கும்போது நேரே பார்க்கவேண்டும், தலையைத் திருப்பினால் விழுந்துவிடுவாள் என்று பழக்கியிருக்கிறார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.